முன்மாரி வேளாண்மையும் விதை நேர்த்தியும்

மட்டக்களப்பு நாட்டிலே வேளாண்மை என்னுஞ் சொல் நெற்செய்கையையே சிறப்பாகக் குறிக்கும். இம்முறை வேளாண்மை எப்படி என்று ஒருவர் வினவுவாராயின், அவர் நெல்லைப் பற்றியே வினவுகின்றார் என்பதை யாவரும் அறிவர். இத்துணை நெருக்கமாக நாம் போற்றும் நெல்லின் வாழ்விலே மிகக் குறுகியதும் மிக அபாயமானதுமாகிய பருவம் ஒன்றுண்டு. அது கதிர் பரியும் பருவமன்று. மணி முற்றும் பருவமுமன்று. விதை மண்ணில் வீழ்ந்து மழை கண்ட நாள் தொடக்கம், அதன் முதல் வேர் ஈரத்தைப் பற்றிக்கொள்ளும் நாள்வரையுள்ள நான்கைந்து நாள்களே அப்பருவமாகும். அந்நாள்களிலே ஈரம் தவறுமாயின் போட்ட விதையும், உழவுக்குக் கொடுத்த கூலியும், பருவமும் ஒருங்கே போய்விடும். இரண்டாம் முறை விதைப்பதற்கு வீட்டிலே நெல் உண்டா என்ற கேள்வி அப்பொழுது எழும். இல்லையெனின் கடனே வழியாகும்.

அந்நான்கைந்து நாள்களைக் குறுக்குவதற்கு ஒரு வழியுண்டு. விதைக்குமுன் விதையை நீரில் ஊறவிட்டு, முளை அரும்புமுன் எடுத்து, மறுபடியும் உலர்த்தி விதைப்பதே அவ்வழியாகும். இதனை விதை நேர்த்தி என்றும், விதையை வன்மையாக்கல் என்றும் வழங்குவர். இது புதியதுமன்று, பெருஞ் செலவுடையதுமன்று. ஆயினும், இஃது எதனாற் பயன் தருகின்றது, எவ்விடத்திற் பயன் தராது என்பனவற்றை அறியாது கையாள்வோர்க்கு நட்டமும் விளையக்கூடும். ஆதலின் இதனைக் காரணத்தோடு ஆராய்ந்து அறிதல் நன்று.

நிலமும் மழையும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 35 மைல் நீண்டு கிடக்கின்றது. அதன் கீழ்ப்பாலுள்ள கடலோரப் பகுதி எழுவான்கரை. மேற்பாலுள்ள பகுதி படுவான்கரை. எழுவான்கரை பெரும்பாலும் மணற்பாங்கானது. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு முதலிய ஊர்களைக் கொண்ட படுவான்கரையே வயல் வளம் மிக்கது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் அவ்வயல்களில் ஒரு பகுதிக்கு நீர் ஊட்டுகின்றன. எஞ்சிய வட்டைகள் வானத்தை நோக்கியே வாழ்கின்றன. அங்கே மாரி மழையை நம்பிச் செய்யப்படுவது முன்மாரி வேளாண்மையாகும்.

மட்டக்களப்பு நகரிலே ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அளவை மட்டும் நோக்கின் இது குறைந்த மழையன்று. ஆனால் இதில் ஏறக்குறையப் பாதி நவம்பர், திசம்பர் ஆகிய இரண்டு மாதங்களிலே கொட்டிவிடுகின்றது. சூன் தொடக்கம் செத்தெம்பர் ஈறாகவுள்ள மாதங்கள் வறண்டவை. ஒற்றோபரிலே மழை கூடத் தொடங்குகின்றது. எனினும் எந்நாளில் தொடங்கும், தொடங்கியபின் தொடருமா என்பன உறுதியில்லாதவை. ஒரு மழை பெய்து, பத்து நாள் வெயில் எறித்து, பின்னர் மறுமழை வருவதும் உண்டு.

இம்மழையின் இயல்பினால் முன்மாரி விதைப்பு இருபுறமும் நெருக்குண்டு நிற்கின்றது. காலந்தாழ்த்தி விதைத்தால், கார்த்திகை மார்கழி வெள்ளம் வரும்போது பயிர் சிறிதாயிருந்து நீருள் அமிழ்ந்துவிடும். முந்தி விதைத்தால், புரட்டாசி ஐப்பசி வெயிலிலே முளை கருகிவிடும். இவ்விரண்டு துன்பங்களும் ஏட்டளவிலுள்ளன அல்ல. 2011 ஆம் ஆண்டு சனவரியிலே பெருவெள்ளம் இம்மாவட்டத்து வயல்களை அழித்தது. 2016 ஆம் ஆண்டின் இறுதியில் மாரி பொய்த்தமையால் ஏற்பட்ட வறட்சி, நாற்பது ஆண்டுகளில் இந்நாடு கண்ட மிகக் கொடிய வறட்சியென 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் அறிக்கை செய்தன. அவ்வாண்டு இலங்கையின் நெல் விளைவு ஏறத்தாழ 27 இலட்சம் தொன்னாக, அதற்கு முந்திய ஆண்டினும் பார்க்க நூற்றுக்கு நாற்பது வீதமளவு குறையுமென அவை மதிப்பிட்டன.

ஐப்பசியிலே தாகத்துக்கும் கார்த்திகையிலே வெள்ளத்துக்கும் அஞ்சும் ஒரு பயிருக்கு வேண்டுவது யாது? கிடைத்த முதல் ஈரத்திலே விரைந்து வேரூன்றுதலேயாம். விரைந்து வேரூன்றிய பயிர் வெயிலையும் தாங்கும். வெள்ளம் வருமுன் ஓங்கியும் நிற்கும்.

ஈரம் எத்தனை நாள் நிற்கும்?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். புழுதியாக உழுது விதைத்த வயலிலே 15 மில்லிமீற்றர் மழை பெய்ததென்று கொள்வோம். கச்சான் காற்று முற்றாக ஓயாத அந்நாள்களிலே, ஈரமான வெறுமண்ணிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகக்கூடும். ஆகவே விதை கிடக்கும் மேல்மண், வேறு மழை இல்லையாயின், மூன்று நாளளவிலே வறண்டுவிடும். அதன் கீழுள்ள மண்ணிலே ஈரம் சில நாள் தங்கும். ஆனால் அதனை எட்டுவதற்கு விதைக்கு வேர் வேண்டும்.

உலர்ந்த நெல், ஈரம் நிறைந்த மண்ணிலே முளைவேர் விடுவதற்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஈரம் குறைந்த மண்ணிலே நான்கு ஐந்து நாளும் ஆகும். மூன்று நாளில் வறளும் மண்ணிலே, நான்காம் நாள் வேர்விடும் விதையின் கதி யாதென்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் அதே விதை இரண்டாம் நாள் வேர்விடுமாயின், மூன்றாம் நாள் அவ்வேர் கீழிறங்கும் ஈரத்தைத் தொடர்ந்து தானும் கீழிறங்கும். ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் வேறுபாடே வயல் நிறைவதற்கும் வெறுமையாவதற்கும் இடையிலுள்ள வேறுபாடாகிவிடுகின்றது. விதை நேர்த்தியின் முழுப் பயனும் இந்த ஒன்றரை நாளிலே அடங்கியுள்ளது.

விதைக்குள் நிகழ்வன

வித்தின் முளைப்பை மூன்று நிலைகளாகப் பிரித்து ஆராய்வர். களஞ்சியத்திலுள்ள காய்ந்த நெல்லிலே நூற்றுக்குப் பதின்மூன்று பங்களவு நீரே உண்டு. அதனை நீரில் இட்டவுடன், உலர்ந்த மரக்கட்டை நீரை உறிஞ்சுவதுபோல நெல் நீரை உறிஞ்சும். இது முதல் நிலை. உயிரற்ற விதையும் இவ்வாறு உறிஞ்சும். ஆதலின் இது வெறும் பௌதிக நிகழ்ச்சியே.

அதன்பின் நீர் புகுதல் ஏறக்குறைய நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு விதை வாளாகிடப்பதுபோலத் தோன்றும். ஆனால் இவ்விரண்டாம் நிலையிலேதான் உள்ளே வேலை மிகுதியாக நடைபெறுகின்றது. கிடப்பிலே பழுதுற்ற கலங்கள் தம்மைச் செப்பஞ் செய்கின்றன. சுவாசம் விரைவுபடுகின்றது. முளையம் அனுப்பும் சைகையினால் மாப்பொருளைச் சூழ்ந்துள்ள படையிலிருந்து அமைலேசு முதலிய நொதியங்கள் சுரந்து, சேமித்த மாப்பொருளை வெல்லமாக்கத் தொடங்குகின்றன. சமையலுக்குமுன் அடுப்பு மூட்டி, அரிசி களைந்து, கறி அரிந்து வைப்பதை ஒத்தது இந்நிலை.

மூன்றாம் நிலையிலே கலங்கள் நீண்டு, முளைவேர் உமியைப் பிளந்து வெளிவருகின்றது. விதை மறுபடியும் நீரை விரைவாக ஏற்கத் தொடங்குகின்றது.

இங்கே கவனிக்கவேண்டிய முக்கியமான உண்மை ஒன்றுண்டு. முதல் இரண்டு நிலைகளிலுமுள்ள விதையை உலர்த்தினாலும் அது இறவாது. பழைய உறக்கத்துக்கு மீண்டுவிடும். இரண்டாம் நிலையிலே செய்து முடித்த வேலையிற் பெரும்பகுதி அழியாமல் உள்ளே நிற்கும். மறுமுறை ஈரம் கிடைக்கும்போது விதை முதலிலிருந்து தொடங்காது, விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஆனால் முளைவேர் வெளிவந்தபின் திரும்பும் வழி அடைபட்டுவிடுகின்றது. முளைத்த விதையை உலர்த்தினால் முளை சாகும். நேர்த்தி செய்வோன் அறியவேண்டிய எல்லைக்கோடு இதுவே: முளைவேர் தோன்றுமுன் எடுத்துவிடல் வேண்டும்.

முன்னோரும் பிற்காலத்தோரும்

இம்முறையின் சாயலை மிகப் பழைய நூல்களிலே காண்கின்றோம். கௌடிலியர் இயற்றிய அர்த்தசாத்திரம், தானிய விதைகளை இரவிலே பனியில் நனையவும் பகலிலே வெயிலில் உலரவும் ஏழு நாள்வரை வைக்கவேண்டுமென்று விதிக்கின்றது. பயறு வகைகளுக்கு அது மூன்று அல்லது ஐந்து நாள் என்று குறைத்துக் கூறுகின்றது. நனைத்தலும் உலர்த்தலும் மாறிமாறி வருதலும், தானியத்துக்கு நீண்ட காலமும் பயற்றுக்குக் குறுகிய காலமும் குறித்தலும் இன்றைய ஆராய்ச்சியின் முடிவுகளோடு ஒத்திருப்பது வியக்கத்தக்கது. வராகமிகிரரின் பிருகத்சங்கிதையும் விதையைப் பாலில் ஊறவைத்தல், நெய் பூசுதல், சாணத்திற் புரட்டுதல் ஆகியவற்றைக் கூறுகின்றது. கிரேக்க அறிஞர் தியோபிராசுத்தசும் வெள்ளரி விதையை நீரிலோ பாலிலோ ஊறவைத்தால் விரைந்து முளைக்குமென எழுதியுள்ளார்.

அண்மைக் காலத்திலே இதனை முறையான ஆராய்ச்சிக்கு உட்படுத்தியோருள் உருசிய நாட்டுத் தாவர உடற்றொழிலியலாளர் ஹெங்கெல் குறிப்பிடத்தக்கவர். வறண்ட புல்வெளிப் பிரதேசங்களில் விளையும் கோதுமை முதலியவற்றின் விதையை அளவான நீரில் ஊறவிட்டு உலர்த்தும் முறையை அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1964 இலே தம் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1973 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்து ஹைடெக்கரும் அவருடன் உழைத்தோரும் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்னும் பொருளின் கரைசலிலே விதையை ஊறவைத்து, முளைவேர் வெளிவராதபடி இரண்டாம் நிலையிலேயே நிறுத்திவைக்கலாமெனக் காட்டினர். கரைசல் நீரைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்வதால் விதைக்குள் அளவான நீரே புகும். பிரசாரணம் என்று நாம் பள்ளியிலே கற்றது இங்கே பயன்படுகின்றது.

அப்பொருள் விலைமிக்கது, ஏழை உழவனுக்கு எட்டாதது. ஆதலின் வேல்சு நாட்டின் பாங்கோர் பல்கலைக்கழகத்து டேவிட் ஹரிஸ் என்பார், 1990 ஆம் ஆண்டுகளிலே மேற்கிந்திய மாநிலங்களின் உழவரோடு சேர்ந்து, வெறும் நீரிலே ஓர் இரவு ஊறவிட்டு, மேலீரம் உலர்ந்தபின் விதைக்கும் எளிய முறையை அவரவர் வயல்களிலேயே சோதித்தார். மேட்டு நிலத்து நெல், சோளம், கடலை ஆகியவற்றிலே பயிர் விரைந்தும் சீராகவும் எழுந்ததையும், முந்திப் பூத்ததையும் அவ்வுழவர் கண்டனர். ஒவ்வொரு பயிருக்கும் இத்தனை மணிக்கு மேல் ஊறவைத்தலாகாது என்னும் காப்பெல்லையை வகுத்தமை அவ்வாராய்ச்சியின் சிறந்த பயனாகும். நெல்லுக்கும் சோளத்துக்கும் அது 24 மணி; கடலைக்கு 10 மணி.

நமக்கு அண்மையிலே கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி நெல்லுக்குப் பொற்றாசியங் குளோரைட்டுக் கரைசலிலே விதையை ஊறவிட்டு நிழலில் உலர்த்தும் முறையை உழவர்க்குப் பரிந்துரைத்து வருகின்றது. தமிழ்நாட்டின் மானாவாரி நிலமும் நம் முன்மாரி நிலமும் வடகீழ்ப் பருவமழையையே பெரிதும் நம்பியிருப்பன. ஆதலின் அப்பரிந்துரை நம்மவர் சோதித்துப் பார்க்கத்தக்கது.

மூன்று முறைகளைப் பிரித்தறிதல்

நம் உழவர் விதையை ஊறவைப்பதை அறியாதவரல்லர். குளத்து நீர் பாயும் வயலிலே சேற்று விதைப்புக்கு நெல்லை ஒரு நாள் ஊறவிட்டு, சாக்கிலே மூடிவைத்து, முளை கண்டபின் வீசுதல் பழக்கமான செயல். அதுவும் விதைக்குமுன் செய்யும் வேலையே. ஆனால் நாம் இங்கே கூறுவது அதுவன்று. மூன்றையும் வேறுபடுத்திக் காண்டல் அவசியம்.

முதலாவது, முளைகட்டி விதைத்தல். இது சேற்றுக்கு உரியது. முளைவேர் வெளிவந்துவிட்டமையால் இவ்விதை திரும்பிப் போகும் வழியைக் கடந்துவிட்டது. இதனைப் புழுதியிலோ அரைஈர மண்ணிலோ போடுதல் விதையைக் கொல்லுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஓர் இரவு ஊறவிட்டு, மேலீரம் மட்டும் போக உலர்த்தி, அன்றைக்கே விதைத்தல். இது மழை பெய்து மண் நனைந்திருக்கும் வேளைக்கு உரியது. முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் வேண்டிய காலம் இரண்டுமே இதில் மிஞ்சுகின்றன. ஆயினும் விதைத்தபின் மண் வறளுமாயின் அபாயமுண்டு.

மூன்றாவது, ஊறவிட்டுப் பழைய நிறைக்கு உலர்த்தி விதைத்தல். இதுவே வன்மையாக்கல். இவ்விதை மறுபடியும் நீரை உறிஞ்சியே ஆகவேண்டும். ஆதலின் முதல் நிலைக்குரிய காலம் மிஞ்சாது, இரண்டாம் நிலைக்குரிய காலமே பெரும்பாலும் மிஞ்சும். ஆயினும் புழுதியிலே கிடந்து மழைக்குக் காத்திருக்க வல்லது இதுவே. மழையை எதிர்நோக்கிப் புழுதியில் விதைக்கும் வட்டைகளுக்கு இது பொருந்தும்.

நெல்லுக்குரிய செய்முறை

முதலிலே விதையைத் தெரிதல் வேண்டும். நீரிலே கறியுப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, புதிய கோழிமுட்டை ஒன்றை இட்டால், அது மேலெழுந்து சிறு வட்டமளவு வெளியே தெரியும் நிலை வரும். அக்கரைசலிலே நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும்; முற்றிய மணி தாழும். மிதப்பதை அள்ளி நீக்கி, தாழ்ந்ததை நன்னீரிலே இரண்டு மூன்று முறை கழுவுதல் வேண்டும். உப்பு ஒட்டியிருப்பின் முளைக்குத் தீங்காகும். இவ்வுப்புநீர்த் தெரிவை 1882 இலே யப்பான் நாட்டு யொக்கோய் தொக்கியோசி என்பார் முறைப்படுத்தினார். நேர்த்தியால் வலிய விதை விரையும், பதர் விதையாகாது.

அடுத்து, 10 இலீற்றர் நன்னீரிலே 100 கிராம் பொற்றாசியங் குளோரைட்டைக் கரைக்கவேண்டும். கடைகளிலே மியூரியேற்றுப் பொற்றாசு என்று விற்கப்படும் உரம் இதுவே. இக்கரைசல் 10 கிலோகிராம் விதைக்குப் போதும். ஒரு புசல் விதைக்கு ஏறத்தாழ 20 இலீற்றர் வேண்டும். விதையை இதிலே 16 முதல் 20 மணி வரை ஊறவிடல் வேண்டும். மாலை நான்கு மணிக்கு இட்டு மறுநாட் காலை பத்து மணிக்கு எடுத்தால் 18 மணியாகும். உரம் கிடையாதவிடத்து நன்னீர் மட்டும் கொண்டு செய்யினும் பயனில் ஒரு பங்கு கிடைக்கும். வாவி நீரும் உவர்க் கிணற்று நீரும் இதற்கு ஆகா. கரைசலிலே நாம் இடும் உப்பு அளவறிந்து இடுவது. வாவி நீரின் உப்போ பருவத்துக்குப் பருவம் மாறுவது, வெயிற் காலத்திலே மிகுவது.

பின்னர் நீரை வடித்து, பன்பாயிலே மெல்லிதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலிலே உலர்த்தி, இடையிடையே கிளறிவிடல் வேண்டும். கடும் வெயிலிலே சீமெந்துத் தளத்தில் உலர்த்துதல் முளையத்தை வருத்தும். எப்பொழுது உலர்ந்ததென்று அறிவதற்கு நிறுவையே சிறந்த துணை. ஊறவிடுமுன் 10 கிலோகிராம் இருந்த விதை மறுபடியும் 10 கிலோகிராமாக வரும்வரை உலர்த்துக. தராசு இல்லாதவிடத்து, மணியைக் கடித்தால் மசியாமல் முறிதலும், கையிலே அளைந்தால் உமி சலசலத்தலும் அறிகுறிகளாம். அரைகுறையாக உலர்ந்த விதையைச் சாக்கிலே கட்டிவைத்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும்.

இவ்வாறு செய்த விதையைச் சில நாள்களுக்குள் விதைத்துவிடல் வேண்டும். நேர்த்தி செய்த விதை விரைந்து முளைக்குமேயன்றி நெடுநாள் வாழாது. அடுத்த போகத்துக்கென வைத்திருத்தல் தகாது. விதைத்தபின் மேலே கிடக்க விடாது, இரண்டு மூன்று சதமமீற்றர் ஆழத்திலே அமையும்படி பலகையோ முள்ளுக்கலப்பையோ இழுத்து மூடுதல் நன்று. மேலே கிடக்கும் மணியை வெயிலும் பறவையும் பங்கிட்டுக்கொள்ளும்.

சோளமும் பயறும்

படுவான்கரைச் சேனைகளிலே சோளம் முக்கியமான பயிராகும். வீட்டிலே எடுத்த சோள விதையாயின், ஓர் இரவு நன்னீரில் ஊறவிட்டு, மேலீரம் போக உலர்த்தி, ஈரமண்ணிலே அன்றைக்கே ஊன்றலாம். கடையிலே வாங்கும் கலப்பின விதை பெரும்பாலும் நஞ்சு மருந்து பூசி நிறமூட்டப்பட்டிருக்கும். அதனை ஊறவைத்தலாகாது. மருந்து கரைந்துபோவதோடு, அந்நீர் கோழிக்கும் குழந்தைக்கும் கேடாகும்.

உழுந்து, பாசிப்பயறு, கௌபி ஆகியவற்றிலே மிகுந்த கவனம் வேண்டும். அவற்றின் வித்திலைகள் நீரை மிக விரைவாக ஏற்று வெடிக்கும் இயல்பின; வெடித்த விதையிலிருந்து சத்து வெளியே கசிந்து பூசணத்துக்கு உணவாகும். உழுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் கோயம்புத்தூர்ப் பரிந்துரை மூன்று மணி நேரமே. 10 இலீற்றர் நீருக்கு 1 கிராம் நாகசல்பேற்றுச் சேர்த்த மெல்லிய கரைசலிலே ஊறவிட்டு நிழலிலே உலர்த்தவேண்டும். விதையை மூழ்கடிக்காது, கிலோகிராமுக்கு மூன்றிலொரு இலீற்றர் அளவே கரைசல் சேர்த்துப் புரட்டுதல் நன்று.

இம்முறையின் எல்லைகள்

பயனைக் கூறியவாறே குறையையும் கூறுதல் ஆராய்ச்சிக்கு அழகாகும். விதை நேர்த்தி மழையைப் பெய்விக்காது. ஈரமே இல்லாத மண்ணிலே நேர்த்தி செய்த விதையும் செய்யாத விதையும் ஒன்றே. வளம் குன்றிய நிலத்துக்கு இஃது உரமுமாகாது.

இன்னும் நுட்பமான குறை ஒன்றுண்டு. விரைவு எப்பொழுதும் நன்மையன்று. ஐப்பசித் தொடக்கத்திலே சிறு மழை ஒன்று பெய்து, பின்னர் இரண்டு வாரம் வெயில் எறிக்குமாயின், விரைந்த விதை முளைத்து வாடும். மெதுவான விதை முளையாமல் உறங்கிக் கிடந்து மறுமழையிலே பிழைத்தலும் கூடும். ஆதலின் நேர்த்தி செய்தோன் மழையைப் பற்றிய மதிப்பீட்டைக் கைவிட இயலாது. முன்னிலும் கூர்மையாக மதிப்பிடல் வேண்டும். புரட்டாசியிலே பெய்யும் முதற் சிறு தூறலை நம்பி விதையாது, மாரி நிலைகொள்ளும் அறிகுறி கண்டு விதைப்பதே முறை. வயல் முழுவதையும் ஒரே நாளிலே விதையாமல், இரண்டு பகுதியாகப் பத்து நாள் இடைவிட்டு விதைத்தல் இழப்பைப் பங்கிடும் வழியாகும்.

மற்றொரு பயனையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். விவசாயத் திணைக்களம் ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல் விதை போதுமெனக் கூறினும், முளைக்காது போகுமென்ற அச்சத்தினால் அதனினும் மிகுதியாக விதைப்போர் பலர். சீராக முளைக்கும் விதை அந்த அச்சத்தைக் குறைக்கும். மிஞ்சும் ஒவ்வொரு புசலும் ஒரு குடும்பத்தின் பல நாட் சோறு அன்றோ.

மாணவர் செய்யத்தக்க பரீட்சை

இவையெல்லாம் நம் மண்ணிலும், நாம் விதைக்கும் இனங்களிலும் எவ்வளவு உண்மையாகின்றன என்பதை நாமே சோதித்து அறிதல் வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரே விதைநெல்லிலிருந்து நேர்த்தி செய்த 100 மணியையும் செய்யாத 100 மணியையும் தனித்தனியே நனைத்த துணியிலே பரப்பி, நாள்தோறும் ஒரே வேளையிலே முளைத்தவற்றை எண்ணி நீக்குக. பின்னர் ஒவ்வொரு நாளிலும் முளைத்த தொகையை அந்நாளின் எண்ணாற் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, முளைத்த மொத்தத் தொகையால் வகுத்தால் சராசரி முளைப்புக் காலம் கிடைக்கும்.

கணக்கின் வழியை விளக்குவதற்காக மட்டும் சில எண்களைக் கற்பித்துக் கொள்வோம். நேர்த்தி செய்தவற்றுள் இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 30, நான்காம் நாள் 5 முளைத்தனவாயின், பெருக்கிக் கூட்டிய தொகை 230. அதனை 95 ஆல் வகுக்க 2.4 நாளாகும். செய்யாதவற்றுள் மூன்றாம் நாள் 20, நான்காம் நாள் 45, ஐந்தாம் நாள் 25, ஆறாம் நாள் 5 முளைத்தனவாயின், தொகை 395, வகுக்க 4.2 நாளாகும். இரண்டிலும் முளைத்தவை 95 என்பதைக் கவனிக்க. மொத்தத்தை மட்டும் எண்ணுவோன் வேறுபாடு இல்லையென்று முடிவு செய்வான். காலத்தையும் எண்ணுவோனே உண்மையை அறிவான்.

இதன்பின் நனைத்த துணிக்குப் பதிலாக மண் நிரப்பிய சட்டிகளை எடுத்து, முதல்நாள் மட்டும் அளந்து நீர்விட்டு, பின்னர் நீர்விடாது வைத்துப் பார்த்தல் வேண்டும். உண்மையான சோதனை அதுவேயாம். படுவான்கரை வயல் மண்ணையும் எழுவான்கரை மணலையும் வேறுவேறாக வைத்து நோக்கினால், நேர்த்தியின் பயன் எம்மண்ணிலே மிகுதியென்பதும் புலப்படும். மூன்று தொகுதியேனும் வைத்துச் செய்தாலன்றித் தற்செயலான வேறுபாட்டை உண்மையென மயங்க நேரிடும்.

இக்கல்லூரியிலே பயின்றோருட் பலர் இன்று வயலுடையோராயும், ஆசிரியராயும், விவசாயப் போதனாசிரியராயும் விளங்குகின்றனர். வந்தாறுமூலையிலே 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்திலே விவசாய பீடமும் உண்டு. வயலுடையோர் வருகின்ற முன்மாரியிலே தம் வயலில் ஒரு வரம்பை மட்டும் நேர்த்தி செய்த விதைக்கு ஒதுக்கி, அடுத்த வரம்பிலே செய்யாத விதையை அதே நாளில் விதைக்கட்டும். மாணவர் இருபதாம் நாள் சென்று, ஒரு சதுர மீற்றரிலே நின்ற பயிரை இரண்டிடத்தும் எண்ணி எழுதட்டும். மழை பெய்த நாள்களையும் அளவையும் அருகிலே குறித்துக்கொள்ளட்டும். நன்றாக முளைத்த ஆண்டின் கணக்கும், கருகிப்போன ஆண்டின் கணக்கும் ஒருங்கே கல்லூரியிலே சேருமாயின், நம் வட்டைகளுக்கு எம்முறை பொருந்துமென்பதைப் பிறர் கூறக் கேட்டறியாது நாமே சொல்லக்கூடிய நிலை சில ஆண்டுகளிலே உண்டாகும்.